பவுல் என்றால் என்ன அர்த்தம்?

கொல்லிமலை வாழவந்தி நாட்டுப் பக்கத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சபை உபதேசியார் "பவுல்" என்று பெயர் வைக்கச் சொல்லுகிறாராம். சவுல் என்பது பாவியின் பெயர் என்றும், அதை எடுத்துவிட்டுப் பவுல் என்ற பரிசுத்தப் பெயரைக் கடவுளே மாற்றிக் கொடுத்தார் என்றும், அந்தப் பெயரை வைத்தால் அந்தக் கிருபை பிள்ளைக்கும் வந்து சேரும் என்றும் சொல்லுகிறாராம். பாட்டனாரோ, "குலசாமி கருப்பன் பெயரை வைக்காவிட்டால் பிள்ளை தங்காது" என்று குதிக்கிறாராம். வீடு இரண்டுபட்டுப் போய், அண்ணன் தம்பி ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதுகூட நின்றுவிட்டதாம். "பகுத்தறிவுக்காரர்களாகிய நீங்கள் எது சரி என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

குடும்பச் சண்டைக்கு மத்தியஸ்தம் செய்வது நம்முடைய வேலையல்ல. ஆனால் இது ஒரு வீட்டோடு நிற்கிற சண்டையல்ல. இந்த நாட்டில் குழந்தை பிறந்து கண் திறப்பதற்கு முன்னே அதன் தலையில் சாமியையும் சாதியையும் மதத்தையும் ஏற்றிவிடுகிறோம். அந்தச் சுமைக்குக் கட்டுகிற கயிறுதான் பெயர் என்பது. ஆகவே கொஞ்சம் விசாரிக்க வேண்டியது அவசியமாகிறது.

முதலில் அர்த்தத்தைப் பார்ப்போம். பவுல் என்பது தேவபாஷையும் அல்ல, எபிரேயச் சொல்லும் அல்ல. ரோமாபுரிக்காரர் பேசிய லத்தீன் பாஷையில் பவுலுஸ் என்றால் சின்னவன் என்று அர்த்தம். அவ்வளவுதான். கிறிஸ்து பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னமே ரோமாபுரியில் இந்தப் பெயர் வழங்கி வந்தது. கி.மு. 216இல் கன்னே யுத்தத்தில் ஹானிபாலின் படையிடம் தோற்று மாண்ட ரோமத் தலைவன் ஒருவன் பெயரும் பவுலுஸ்தான். அவன் கும்பிட்ட சாமி ஜுபிடர்! நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் அர்த்தத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் பவுலுக்குத் தமிழில் "சின்னப்பர்" என்று பெயர் சொன்னார்கள். யோவானுக்கு "அருளப்பர்" என்று சொன்னதும் அப்படியே.

சேந்தமங்கலம் சந்தையில் நின்றுகொண்டு "சின்னான்!" என்று ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் பவுல்கள்தான். சின்னான் என்றால் நாட்டுப்புறத்தான், பவுல் என்றால் பரிசுத்தவான் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி, சவுல் என்பது பாவியின் பெயரா? அதுவும் இல்லை. எபிரேய பாஷையில் அதற்குக் கேட்டுப் பெற்றவன் என்று அர்த்தம். வேண்டிப் பெற்ற பிள்ளை என்று நாம் சொல்லுகிறோமே, அதுதான். யூதர்களுடைய முதல் ராஜாவின் பெயர் சவுல். அவன் பென்யமீன் கோத்திரத்தான். பவுலும் அதே கோத்திரத்தான். கோத்திரத்தில் பேர்போன ராஜாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள் என்றால் அதில் பாவம் எங்கே வந்தது? ஆண் பிள்ளை என்றால் வேண்டிப் பெற்றதாகப் பெயர் வைப்பது யூதனோடு நின்றதல்ல. நம் நாட்டில் மூன்றாவது பெண் பிறந்தால் "வேண்டாம்" என்றும் "போதும்பொண்ணு" என்றும் பெயர் வைத்து, அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும் ஒவ்வொரு நாளும் தான் வேண்டாதவள் என்று தானே சொல்லும்படி செய்திருக்கிறோம். பெயரில் பாவம் உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

நிற்க, கடவுள் பெயரை மாற்றினார் என்ற கதையைப் பார்ப்போம். நாம் சொல்லுவதை நம்ப வேண்டாம். உபதேசியார் கையிலுள்ள புஸ்தகத்தையே பிரித்துப் பார்க்கட்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், தமஸ்கு ஊருக்குப் போகிற வழியில் சவுல் வெளிச்சத்தைக் கண்டு கீழே விழுந்து மனம் மாறினதாக எழுதியிருக்கிறது. அங்கே பெயர் மாறினதாக ஒரு வார்த்தையும் கிடையாது. அதன் பிறகும் அவன் சவுல்தான். 13ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் பரிசுத்த ஆவியே பேசுவதாக எழுதியிருக்கிறது. அந்த ஆவியும் அவனைச் சவுல் என்றுதான் கூப்பிடுகிறது! பெயரை மாற்றினவர் கடவுள் என்றால், மாற்றின செய்தி அவருடைய ஆவிக்கே எட்டாமல் போய்விட்டதா?

அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில், சீப்புரு தீவில் செர்கியுபவுல் என்னும் ரோம அதிகாரியின் முன்னால் நிற்கும்போது, சவுலுக்குப் பவுல் என்றும் பெயர் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வருகிறது. அதற்குமேல் பவுல் என்றே எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தது என்பதுதான் புஸ்தகம் சொல்லும் சங்கதி. வீட்டிலும் ஜெபஆலயத்திலும் சவுல். ரோமர்களுடைய ஊர்களில் பவுல். அவர் பிறப்பாலேயே ரோமப் பிரஜை என்று 22ஆம் அதிகாரம் சொல்லுகிறது. சாட்டையால் அடிக்கக் கட்டின சமயத்தில், "ரோமப் பிரஜையை விசாரணையில்லாமல் அடிக்கலாமா?" என்று அவர் கேட்டதும், அடிக்க வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று அங்கே இருக்கிறது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது ஜெபமுமல்ல, பெயருமல்ல. பிரஜை என்ற சட்ட உரிமை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

பெயரில் மந்திரசக்தி உண்டு என்பதற்கு வேதமே விரோதமாக இருக்கிறது. ராகேல் என்பவள் பிரசவத்தில் சாகும்போது பிள்ளைக்குப் பெனொனி, அதாவது என் துக்கத்தின் மகன், என்று பெயர் வைத்தாள். தகப்பன் அதைப் பென்யமீன் என்று மாற்றினான். வேறொரு தாய், பெற்றபோது பட்ட வேதனையை நினைத்து யாபேஸ் என்று பெயர் வைத்தாள். இன்னொருத்தி புருஷனும் மாமனும் செத்த நாளில் பிள்ளையைப் பெற்று, மகிமை போயிற்று என்ற அர்த்தத்தில் இக்கபோத் என்று வைத்தாள். இவையெல்லாம் ஸ்திரீகள் தங்கள் கஷ்டத்தை எழுதிவைத்த குறிப்புகளேயொழிய வேறல்ல. நம்முடைய கிழவிகளும் இதைத்தான் செய்தார்கள். பிறந்த பிள்ளைகளெல்லாம் செத்துக்கொண்டு வந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் "குப்பன்" என்றும் "பிச்சை" என்றும் பெயர் வைத்தார்கள். எமனை ஏமாற்றுகிறார்களாம்! எமன் ஏமாறவில்லை. சுத்தமான தண்ணீரும், அம்மைப்பாலும், பிரசவ ஆஸ்பத்திரியும் வந்த பிறகுதான் குப்பன்களும் பிழைத்தார்கள், கோவிந்தன்களும் பிழைத்தார்கள்.

கொல்லிமலைக்காரர்களுக்குப் பவுல் என்றால் ஓர் ஆள் ஞாபகத்துக்கு வரவேண்டும். 1913ஆம் வருஷத்தில் ஜெஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியும் அவர் மனைவி ஈவ்லினும் அந்த மலையில் போய்க் குடியேறினார்கள். ஜெஸி என்பதும் வேதப் பெயர்தான். தாவீது ராஜாவின் தகப்பன் ஈசாய் என்பவனுடைய பெயர். 1914 ஜூலை 17இல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பவுல் என்று பெயர் வைத்தார்கள். ஈசாய் என்ற பெயரும் வேதமும் ஜெபமும் எல்லாம் இருந்தும், 1929இல் கருநீர்க் காய்ச்சல் வந்து ஜெஸி பிராண்ட் அந்த மலையிலேயே செத்துப்போனார். வயது 44. கொசுவுக்கு வேதப் பெயரும் தெரியாது, குலசாமிப் பெயரும் தெரியாது. அந்த அம்மாளோ கிழவியான பிறகும் மலைகளிலேயே சுற்றி உழைத்து, 1974இல் 95 வயதில் காலமாகிப் புருஷன் பக்கத்திலேயே அடக்கமானார்.

மகன் பவுல் பிராண்ட் வைத்தியம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர் எடுத்துக்கொண்டது தொழுநோய். தொழுநோய் என்றால் பூர்வஜன்ம பாவம் என்பது நம் வைதிகர் கட்டின கதை. வேதக்காரர் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. குஷ்டம் கண்டவன் தீட்டுள்ளவன் என்று தானே கத்திக்கொண்டு ஊருக்கு வெளியே கிடக்க வேண்டும் என்பது லேவியராகமம் 13ஆம் அதிகாரத்துச் சட்டம். அதே இடத்தில் துணிக்கும், அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் குஷ்டம் வரும் என்று எழுதியிருக்கிறது. இதைக்கொண்டே அது வைத்தியமா, தீட்டா என்று தெரிந்துகொள்ளலாம். நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே தேசத்து ஹான்சன் என்னும் வைத்தியர் கண்டுபிடித்தது 1873இல்.

விரல்கள் அழுகி உதிர்வது நோயின் குணம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பவுல் பிராண்ட் அதை அப்படியே நம்பாமல் கையைக் கையாகப் பார்த்தார். நரம்பு உணர்ச்சி செத்துப் போவதால், சுட்டாலும் வெட்டுப்பட்டாலும் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் காயத்தைக் கவனிப்பதில்லை. அதனால் விரல் போகிறது என்று கண்டார். இராத்திரியில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியவில்லை என்று கண்டுபிடித்ததும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். சாமியாடிகளும் சுகமளிக்கும் கூட்டக்காரர்களும் செய்யாததைப் பூனை செய்தது! மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றி வைத்துத் தைத்துக் கையைத் திறக்கச் செய்தார். அந்தக் கை மறுபடியும் சோறு பிசைந்தது, மண்வெட்டி பிடித்தது. 1982 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன கூட்டு மருந்தால் நோயே குணமாகும்படி ஆகிவிட்டது.

"அவர் பக்தரல்லவா? ஜெபம் செய்தவரல்லவா?" என்று கேட்பார்கள். ஆம், பக்தர்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தொடவே கூசுகிற கைகளைத் தொட்ட மனிதரை மதிக்காதவன் சுயமரியாதைக்காரனே அல்ல. ஆனால் நாம் கேட்பது இதுதான்: விரல் நிமிர்ந்தது பவுல் என்ற பெயராலா, கத்தியும் ஊசியும் பழகின கையாலா? அதே சிகிச்சையை ஒரு கந்தசாமியோ காதரோ கடவுளே இல்லை என்கிறவனோ கற்றுக்கொண்டு செய்தால் விரல் நிமிராதா? நிமிர்கிறது. ஆகவே வேலை செய்தது அறிவு. சின்னவன் என்று பெயர் வைத்த பிள்ளை பெரியவரானது உழைப்பால். பெயர் அவருக்குப் பெருமை கொடுக்கவில்லை. அவர்தான் பெயருக்குப் பெருமை கொடுத்தார்.

இன்னொரு விசேஷமும் சொல்ல வேண்டும். அந்தப் பிராண்ட் குடும்பத்தார் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர்கள். அந்த சபையார் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்து, தானாக நம்பி, தானாகக் கேட்கிறவனுக்குத்தான் முழுக்கு. குழந்தைக்கு நம்பத் தெரியாது என்று அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். நல்லது! அப்படியானால் குழந்தைக்கு மதம் ஏது? கிறிஸ்தவக் குழந்தை, இந்துக் குழந்தை என்று சொல்லுவது, கம்யூனிஸ்டுக் குழந்தை, காங்கிரஸ் குழந்தை என்று சொல்லுவதைப் போன்றதல்லவா?

இனி, பெயரால் மனிதன் மாறுகிறானா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மைக்கேல் என்ற பெயருக்கு எபிரேயத்தில், கடவுளுக்கு நிகரானவர் யார் என்று அர்த்தம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில், பிள்ளைமார் ஒரு பக்கமும் நாடார்கள் ஒரு பக்கமுமாக இருந்து கும்பிடும்படி நடுவில் சுவர் இருந்தது. 1910இல் பாதிரிமார் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே பழைய ஏற்பாடு வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து தோற்ற அந்த வழக்குக்குச் சட்டப் புஸ்தகங்களில் பெயர் என்ன தெரியுமா? மைக்கேல் பிள்ளை வழக்கு! முன்பாதி கடவுளுக்கு நிகர் யார் என்கிறது. பின்பாதி எனக்கு நிகர் யார் என்கிறது. தலையில் ஊற்றின தண்ணீர் பெயரின் முன்பாதியை நனைத்ததேயொழிய வாலை நனைக்கவில்லை. இந்த ஜாதி வாலைத்தான் ஈ.வெ.ரா. 1927இல் தம் பெயரிலிருந்து வெட்டினார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. கிறிஸ்தவர்களில் எத்தனையோ பேர் வால் இல்லாமல் நல்ல பெயரோடு வாழ்கிறார்கள். ஆனால் வால் வைத்திருக்கும் பவுல்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

முன்னே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன சங்கதிக்கு இப்போது வருவோம். பவுல் என்ற பெயரை ஏற்று மதம் மாறினால் மோட்சம் உண்டோ இல்லையோ, சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு பலன் உண்டு. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் ஜாதிக்காரன். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. பழங்குடிகளுக்கோ இந்த நிபந்தனை கிடையாது. ஆகவே கொல்லிமலை மலையாளி வீட்டில் பிறந்த பவுல், கிறிஸ்தவனானாலும் பழங்குடியாகவே இருக்கிறான். மலையைவிட்டு எழுபது வளைவும் இறங்கிவந்து, அடிவாரத்தில் ஓர் ஆதிதிராவிடர் வீட்டில் அதே பவுல் கிறிஸ்தவனாகப் பிறந்தால், பட்டியல் ஜாதி உரிமை போய் அவன் பிற்பட்டவனாக எழுதப்படுகிறான். ஆனால் தேநீர்க்கடைக்காரனுக்கும் சுடுகாட்டுக்காரனுக்கும் இந்த உத்தரவு தெரியாது. அவர்கள் பவுலையும் அவன் பாட்டனை நடத்தினபடியேதான் நடத்துகிறார்கள்! ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் தன்னைப் பட்டியல் ஜாதி என்று சான்று கேட்ட வழக்கில், கொடுக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று.

இதனால் என்ன நடக்கிறது? சபையிலும் வீட்டிலும் ஒரு பெயர். பள்ளிக்கூடத்திலும் சர்டிபிகேட்டிலும் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை பவுல், திங்கட்கிழமை பழனி. இரண்டு பெயரோடு வாழ்ந்த சவுல் என்ற பவுலின் கதை கொல்லிமலை அடிவாரத்தில் இன்றைக்கும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பவுல் தன் உரிமையைத் தலைநிமிர்ந்து சொல்லிச் சாட்டையைத் தடுத்தார். இந்தப் பவுல் தன் பெயரை ஒளித்து வைத்தால்தான் உரிமை கிடைக்கிறது. கஷ்டம் ஜாதியால் வந்ததென்றால், கஷ்ட நிவாரணத்துக்கு மதத்தைப் பார்ப்பானேன்? பெயரில் பரிசுத்தம் பேசுகிறவர்கள் இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசினால் அது உபயோகமான பிரசங்கமாயிருக்கும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. லெனின், ஸ்டாலின், இங்கர்சால் என்று நம் தோழர்கள் பெயர் வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் லெனின் என்று பெயர் வைத்துவிட்டு, அந்த லெனினுக்குச் சொந்த ஜாதியிலேயே பெண் பார்த்து, நல்ல நாள் குறித்துக் கல்யாணம் செய்தால், மைக்கேல் பிள்ளைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? எண்கணிதக்காரனிடம் பணம் கொடுத்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளுகிற படித்த முட்டாளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பகுத்தறிவு என்பது நடத்தையில் இருக்க வேண்டியதேயொழிய பிறப்புச் சான்றிதழில் அல்ல.

ஆகவே கடிதம் எழுதின தோழருக்கு நாம் சொல்லுவது: பவுல் என்று வைத்தால் கிருபையும் வராது, கருப்பன் என்று வைக்காவிட்டால் பிள்ளை தங்காமலும் போகாது. பிள்ளை தங்குவதற்கு வேண்டியது தாய்ப்பாலும், தவறாமல் போடும் தடுப்பூசியும், காய்ச்சின தண்ணீருமே. பவுல் நல்ல பெயர்தான். சின்னான் என்றாலும் அதே அர்த்தம்தான். கருப்பன் என்பதிலும் கேவலம் ஒன்றுமில்லை. எந்தப் பெயரானாலும் பின்னால் வால் வேண்டாம். பிள்ளை வளர்ந்து, அறிந்து, எந்த மதத்தில் சேர்ந்தாலும், எதிலும் சேராமலிருந்தாலும் அது அவன் இஷ்டம். மலைக்கு வந்த பாப்டிஸ்டு சபையாரே ஒப்புக்கொண்ட நியாயம் அது.

கடைசியாக ஒன்று. தோழருடைய கடிதம் நான்கு பக்கம். அதில் உபதேசியார் சொன்னது இருக்கிறது. பாட்டனார் சொன்னது இருக்கிறது. அண்ணன் தம்பி பேசிக்கொண்டது இருக்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்ற அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. யாரும் அவளைக் கேட்டதாகவே தெரியவில்லை. வேதத்து ராகேலுக்கும் யாபேஸின் தாய்க்கும் இருந்த உரிமைகூடக் கொல்லிமலையில் இந்தத் தாய்க்கு இல்லையா?

உபதேசியாரும் பாட்டனாரும் சற்று வெளியே போய்த் திண்ணையில் உட்காரட்டும். தோழர் உள்ளே போய் அந்த அம்மாளைக் கேட்கட்டும். அவள் சொல்லுகிற பெயரை வைத்துவிட்டு, தம்பி வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரட்டும்.